மூக்கன் வரைந்த படமும் நான் இட்ட கையெழுத்தும்

மதிப்புக்குரிய தலைவர் முத்துலிங்கம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்கப் பெரியோர்களே, வாசிகசாலை அன்பர்களே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு மழையில் நனைந்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் மூக்கனின் துணைவியார் வேலாயி அம்மையாரே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வணங்குகிறேன் என்று சொல்லும்போதே எனக்கு நா கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறேன்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, "ஓவியர் மூக்கனுக்கு எண்ணெய் வர்ணம் கற்பித்த குருநாதர் குணரத்தினம் அவர்கள்" என்றார்கள். நீங்கள் ராகலை முழுவதும் ஒட்டியிருக்கும் துண்டறிக்கையிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அது உண்மையல்ல. நான் மூக்கனுக்குக் குரு அல்ல. ஒரு நாளும் இருந்ததில்லை.

தலைவர் மீது குற்றமில்லை. மூக்கன் உயிரோடு இருந்த காலத்தில் தலைவர் அவரிடம், "இந்தத் தொழிலை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். "குணரத்தினம் சாரோட சேந்து படிச்சேன்" என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். சேர்ந்து படித்தேன்! அதில் ஓர் எழுத்துக்கூட மிகையில்லை, குறையுமில்லை. ஆனால் கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரும் தேயிலைப் பெட்டிக்கு மார்க் போடும் ஒரு தொழிலாளியும் சேர்ந்து படித்தார்கள் என்றால், உபாத்தியாயர்தானே சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைப்பார்கள். ஊர் அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில் பதினோரு வருடம் வாழ்ந்தேன். இன்று அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கிறது. இன்றைக்கும் நான் வாய் திறக்காவிட்டால், பிறகு எந்த நாளில் திறப்பேன்?

அன்பர்களே! ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓவியத்தில் எனக்குப் பிரியம் உண்டு. கொழும்பில் ஒரு சித்திரக் கல்லூரி அந்தக் காலத்தில் ஆசிரியர்களுக்கென்று ஒரு தகுதிப் பரீட்சை வைத்தது. அதில் தேறினால் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடமொன்றில் சித்திர ஆசிரியராகலாம். பரீட்சைக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். பழைய மேல்நாட்டு மேதை ஒருவருடைய உருவப்படத்தை, அதைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் பிரதி செய்ய வேண்டும். அதுதான் நிபந்தனை.

மேல்நாட்டு மேதையின் படத்துக்கு வட்டவளையில் நான் எங்கே போவேன்? ஆனால் அது எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. பெரிய துரையின் பங்களாவில், சாப்பாட்டு அறைச் சுவரில், முந்நூறு வருடத்துக்கு முன் ஒல்லாந்து தேசத்து மேதை ஒருவர் வரைந்த உருவப்படம் ஒன்று தொங்கியது. கறுப்பு உடை, வெள்ளைக் குல்லா, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். ஒரு வயதான அம்மா. துரையின் முன்னோர் வழியாக வந்த சொத்து அது. துரைசாணியிடம் எழுதிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், துரை ஆட்டத்துக்குக் கிளப்புக்குப் போயிருக்கும் நேரத்தில், வந்து வரையலாம் என்று அனுமதி கிடைத்தது.

அப்போது மூக்கன் தொழிற்சாலையில் வேலை செய்தார். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் தகட்டு அச்சு வைத்துக் கறுப்பு மையால் அடிப்பது அவர் வேலை. ஒருநாள் தகடு உடைந்துவிட, அவர் தூரிகையாலேயே எழுதிய எழுத்துக்கும் அச்சு எழுத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படித்தான் பழக்கம் உண்டானது. நான் படம் வரையப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, "சார், நானும் வரட்டுமா? ஓரமா நின்னு பாத்துக்கிறேன்" என்று கேட்டார். சரி என்றேன்.

பங்களா வாசலில் துரைசாணி நின்றார். எங்கள் இருவரையும் பார்த்தார். வர்ணப் பெட்டி மூக்கன் கையில் இருந்தது. உங்கள் வேலையாள் சமையற்கட்டு வழியாக வரட்டும் என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். 'அவர் வேலையாள் இல்லை, என் நண்பர்' என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். சொன்னேனா? இல்லை! "மூக்கன், நீர் பின்பக்கத்தாலை வாரும்" என்றேன். அவர் போனார். அதற்குப் பிறகு ஒன்பது மாதம், ஒவ்வொரு ஞாயிறும், நான் முன்வாசலால் போனேன். அவர் சமையற்கட்டால் வந்தார். ஒரே படத்தின் முன்னால் இரண்டு பேரும் நின்றோம்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது, வர்ணக் குழாய்கள் இருந்தன, ஒரு கெஜம் கித்தான் இருந்தது. அந்தக் கித்தானை இரண்டாக வெட்டி ஒரு துண்டை அவரிடம் கொடுத்தேன். புத்தகத்தில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூக்கனுக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட படத்தில் முகத்தின் நிறத்தை முதலில் போடக்கூடாது. கித்தான் முழுவதும் பழுப்பு நிறம் பூசி, அதன்மேல் பழுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு வெளிச்சத்தையும் நிழலையும் முழுதாகக் கட்டி எழுப்ப வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின்தான், கண்ணாடி போல மெல்லிய படலங்களாகச் சதையின் நிறத்தை ஏற்ற வேண்டும். புத்தகம் அப்படித்தான் சொன்னது. வாசித்துக் காட்டியவன் நான். ஆனால் பொறுக்க முடியாதவனும் நான்தான். மூன்றாவது வாரமே கன்னத்தில் ரோஜா நிறத்தை அப்பினேன். கீழே இருந்த பழுப்பு கரைந்து மேலே வந்து முகம் சேறாயிற்று.

மூக்கன் எட்டு வாரம் பழுப்பைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. "இன்னும் ஏன் காத்திருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"கொழுந்து வாடாம அரைச்சா தேயிலை ஆகுமா சார்?" என்றார். அவ்வளவுதான். மறுபடி படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அவர் பார்ப்பதைப் போல யாரும் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் தூரிகையை எடுக்காமல் நின்றிருக்கிறார். "கன்னத்துக்குக் கீழ பச்சை இருக்கு சார்" என்றார் ஒருநாள். மனித முகத்தில் பச்சையா? எனக்குத் தெரியவில்லை. சிரித்தேன். அடுத்த வாரம் போனபோது பச்சை அங்கே இருந்தது! முந்நூறு வருடமாக இருந்திருக்கிறது. இன்னொரு நாள், "இந்தம்மா நம்ம லயத்துல ஒக்காந்திருக்காப்புல இருக்கு. வாசல் பக்கம் மட்டுந்தான் வெளிச்சம். மத்ததெல்லாம் இருட்டு" என்றார். ஒல்லாந்து தேசத்து மேதை எதைச் செய்தார் என்று என் புத்தகம் நாற்பது பக்கத்தில் சொன்னதை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றைக் கதவு லயத்து அறையில் பிறந்தவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

கடைசியாகக் கைகளைப் போட்டார். மூலப்படத்தில் அந்த அம்மாவின் விரல்கள் வெண்ணெய் போல இருக்கும். மூக்கன் போட்ட கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கறுத்திருந்தன, கொழுந்துக் கறை பிடித்த விரல்கள் போல. "அங்கை அப்பிடி இல்லையே. பிழை விட்டிட்டீர், திருத்தும்" என்றேன்.

"தெரியும் சார். மூஞ்சி அந்தம்மாவோடது. கை வேலாயியோடது. இருக்கட்டும்" என்றார்.

திருத்தவில்லை. அம்மா, உங்கள் கையைத்தான் அவர் போட்டார். அதை அவர் உங்களிடம் சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

படத்தில் அவர் பெயர் எழுதவில்லை. கேட்டேன். "தெனம் முன்னூறு பெட்டியில பேரு எழுதுறேன். இதுல எதுக்கு?" என்று சிரித்தார்.

ஐப்பசி மாதம் இரண்டு படங்களும் என் அறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்திருந்தன. லயத்தில் புகை படியும் என்று தம்முடையதை என்னிடம் வைத்திருக்கச் சொல்லியிருந்தார். என்னை நம்பி வைத்திருந்தார்! ஒன்று சேறு பூசிய முகம். மற்றதில் ஒரு மனுஷி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை விண்ணப்பம் மேசையில் கிடந்தது. அதில் முதல் கேள்வி, விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையா என்பது. மூக்கன் இந்த மலையிலேயே பிறந்தவர். அவருடைய பிரஜாவுரிமை மனு முந்திய வருடந்தான் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆகவே எனக்கு நானே ஒரு நியாயம் கட்டினேன்: அவர் விண்ணப்பிக்கவே முடியாது; இந்தப் படம் அவருக்குப் பிரயோசனப்படாது; சும்மா கிடந்து வீணாகப் போவதைவிட ஒருவனுக்காவது உதவட்டுமே! 

எவ்வளவு அழகான நியாயம்! சட்டம் அவருக்கு முன்வாசலை மூடியது. மூடியது நான் அல்ல. ஆனால் மூடிய கதவுக்குள்ளே நின்றுகொண்டு அவருடைய பொருளை எடுத்தவன் நான். எனக்கு வறுமை இருந்ததா? இல்லை. வீட்டில் யாராவது பட்டினி கிடந்தார்களா? இல்லை. கெஞ்சிக் கேட்டிருந்தால் அவரே கூடக் கொடுத்திருப்பார். கேட்கவேண்டிய ஆளாக அவரை நான் நினைக்கவில்லை. அதுதான் என் பாவத்தின் அடிவேர்.

அந்தப் படத்தின் வலது மூலையில் என் பெயரை எழுதினேன். சிறிய தூரிகை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கொழும்புக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மூக்கனிடம் என்ன சொல்வது? ஒரு பொய் சொன்னேன். "மூக்கன், ஒரு சிநேகிதருக்குக் காட்டலாமெண்டு உம்மடை படத்தைக் கொழும்புக்குக் கொண்டு போனனான். ரெயினிலை துலைஞ்சு போச்சுது" என்றேன்.

அவர் "எந்த ரயிலு சார்?" என்று கேட்டார்.

தாய்மார்களே, அண்ணன்மார்களே! அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை மூக்கன் அந்தப் படத்தைத் தேடினார். முதல் ஞாயிறு வட்டவளைப் புகையிரத நிலையம். இரண்டாம் ஞாயிறு ஹற்றன். மூன்றாம் ஞாயிறு நாவலப்பிட்டி. வேலாயி அம்மையாரும் கூடப் போனார். ஒவ்வொரு நிலைய அதிபரிடமும் மூக்கன் சிங்களத்தில் விசாரித்திருக்கிறார்: வெள்ளைக் குல்லா போட்ட ஒரு வயதான அம்மா படம், யாராவது கண்டெடுத்துக் கொடுத்தார்களா, மஹத்தயா? அந்த மூன்று ஞாயிறும் நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நடை நின்றிருக்கும். நான் சொல்லவில்லை!

மூன்றாம் ஞாயிறு மாலை என்னிடம் வந்தார். காலெல்லாம் சேறு. "கெடைக்கல சார்" என்றார். நான் தலையைக் குனிந்திருந்தேன். என் துக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். "நீங்க மனசு கஷ்டப்படாதீங்க சார். தொரசாணி சம்மதிச்சா நான் வேற ஒண்ணு போட்டுருவேன்" என்று என்னைத் தேற்றினார். யார் யாரைத் தேற்றுவது! ஆனால் அடுத்த மாதமே துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போய்விட்டார். அந்த அம்மாவும் பெட்டிக்குள் ஏறிக் கப்பலில் போய்விட்டார்.

பரீட்சையில் நான் முதலாவதாகத் தேறினேன். நேர்முகத்தில் ஒரு வயதான சிங்களப் பெரியவர், பெரிய ஓவியர், அந்தக் கறுத்த விரலைத் தொட்டுக்காட்டி, "மூலத்தில் இது இல்லை. ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டார். "நிழல்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நிழலில்லை. பிரதி செய்கிறவன் கண்டதைப் போடுவான். இதைப் போட்டவர் இந்தக் கையோடு வாழ்ந்தவர்" என்றார். அந்தப் புகழ்ச்சியை நான் என்ன செய்தேன்? கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியனானேன். படம் அந்தக் கல்லூரி மண்டபத்தில் என் பெயரோடு மாட்டப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, ஐம்பத்தாறில், ஒரு பத்திரிகை அதைப் படமெடுத்துப் போட்டது. அதன் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்திரிகை தொழிற்சாலையில் மூக்கன் கையில் அகப்பட்டது. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கலாம், எத்தனையோ பிரதிகள் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் விரலைப் பார்த்துவிட்டார்.

பஸ் ஏறி நுவரெலியாவுக்கு என் வீட்டுக்கு வந்தார். அன்று என் வீட்டில் சக ஆசிரியர்கள் இரண்டு பேர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். மூக்கன் வாசற்படிக்குக் கீழே நின்றார். குளிருக்குச் சாக்கைப் போர்த்தியிருந்தார். "ஆர் இது?" என்று நண்பர் கேட்டார்.

"ஆரோ தோட்டத்து ஆள். வேலை கேட்டு வந்திருக்கிறார் போலை" என்றேன்.

நண்பருக்குக் கேட்கட்டும் என்று சொன்னது, மூக்கனுக்கும் கேட்டது. அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. நான் எதிர்பார்த்துப் பயந்த எதையும் செய்யவில்லை. சொன்னது இதுதான்: "வேலை கேட்டு வரலீங்க சார். ரயில்ல தொலைஞ்ச அம்மா கெடச்சிட்டாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். நல்லா இருக்காங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

என்னைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். நான் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது படியில் அவர் இல்லை. ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப்பின் அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அதே வருடம் அவர் வேலாயி அம்மையாரின் அண்ணன் இருந்த ராகலைப் பக்கத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கே மார்க் போடும் வேலை இல்லை. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். இரண்டு வருடம் தூரிகையைத் தொடவே இல்லை என்று அம்மையார் இன்று காலை என்னிடம் சொன்னார். அந்த இரண்டு வருடத்துக்கும் யார் பொறுப்பு? உங்கள் முன் நிற்கும் இந்த மனிதன்தான்.

பிறகு அண்ணனின் மனைவி பிரசவத்தில் இறந்தார். ஒரு போட்டோகூட இல்லை. ஆறு மாதத்தில் அண்ணன் வந்து, "மச்சான், கண்ண மூடுனா அவ மூஞ்சி வர மாட்டேங்குது" என்று அழுதிருக்கிறார். மூக்கன் ஒரு பழைய தேயிலைப் பெட்டியை உடைத்துப் பலகையைத் தேய்த்தார். அந்தப் பெண்ணின் தங்கையை எதிரில் உட்காரவைத்து, "அக்காவுக்கு நெத்தி இதவிட அகலமா? சிரிச்சா எந்தப் பக்கம் குழி விழும்?" என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். முதலில் பழுப்பு. பிறகு வெளிச்சம். பிறகு மெல்லிய படலமாகச் சதை. வட்டவளைப் பங்களாவில் அந்த ஒல்லாந்து அம்மாவின் முன்னால் ஒன்பது மாதம் நின்று கற்றதெல்லாம், இப்படி, போட்டோ இல்லாமல் செத்துப்போன தோட்டத்துச் சனங்களின் முகங்களாகத் திரும்பி வந்தது!

நீங்கள் எல்லோரும் அறிந்த கதை இது. நான்தான் தாமதமாக அறிந்தேன். மண்டபத்துக்கு வெளியே சற்று முன் நல்லமுத்து ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எம் பொஞ்சாதிக்கு ஒரு கண்ணு மாறுகண்ணுங்க. 'நேரா போட்டுருப்பா'ன்னு கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டாரு. 'நேரா போட்டா அது வேற யாரோ, மாமா'ன்னாரு. அன்னிக்கிக் கோவிச்சுக்கிட்டேன். இப்ப அந்தக் கண்ணுதாங்க என்னைய வீட்டுக்குள்ள தேடுது." 

சொல்லிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "எப்பேர்ப்பட்ட தொழில நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க சாமி!" என்று என்னைக் கும்பிட்டார். எண்பது வயதுப் பெரியவர் என்னைக் கும்பிட்டார்! நல்லமுத்து ஐயா, அந்தக் கும்பிடு எனக்குரியதல்ல. தயவுசெய்து அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சென்ற வருடம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் நான் இந்தப் பக்கம் வந்தேன். ஒரு லயத்தில் தேநீர் கொடுத்தார்கள். சுவரில் ஒரு கிழவரின் படம். அந்தப் பழுப்பைக் கண்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. "யார் வரைஞ்சது?" என்றேன். "மூக்கண்ணே வரைஞ்சது. அந்தா, மேல் லயத்துலதான் இருக்காரு. கூப்பிடவா?" என்றார்கள். ஐந்து நிமிட நடை! "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்றேனே தவிர, அந்த ஐந்து நிமிடத்தை நான் நடக்கவில்லை. இந்த மாதம் நிமோனியா அவரை மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. நாற்பத்தாறு வயது. மன்னிப்புக் கேட்க ஒருவன் பதினோரு வருடத்தில் எத்தனை நாளைத் தவறவிடலாம்? நான் எல்லா நாளையும் தவறவிட்டேன்.

இன்று காலை வேலாயி அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். இந்தச் சபையில் சொல்லப்போவதையெல்லாம் முதலில் அவரிடம் சொன்னேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "எங்களுக்குத் தெரியும் சார். பேப்பரு இன்னும் பெட்டியில இருக்கு. ஊருக்குத்தான் தெரியாது. ஊருக்குச் சொல்லுங்க" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு அவரைச் சங்கடப்படுத்த எனக்கு என்ன உரிமை?

வாசிகசாலைக் குழுவினர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் படம் வரைந்தவருக்கு ஒரு படம் இல்லை. குருவாகிய நீங்கள் மூக்கனின் படத்தை வரைந்து தரவேண்டும் என்று. அதையும் அம்மையாரிடம் கேட்டேன். "வேணாங்க சார்" என்றார். "அவரு மூஞ்சி எனக்கு மறக்காது. நீங்க போடாதீங்க."

குழுவினரே, அதனால் அந்தப் படத்தை நான் வரையமாட்டேன். அம்மையார் சொன்னதுதான் நீதி.

முந்தாநாள் இரண்டு கடிதங்களைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். ஒன்று அந்தச் சித்திரக் கல்லூரிக்கு: மண்டபத்தில் தொங்கும் படம் வட்டவளைத் தோட்டத்துத் தொழிலாளி மூக்கன் வரைந்தது, என் பெயரை அழித்து அவர் பெயரை எழுதுங்கள், படத்தை அவர் மனைவியிடம் ஒப்படையுங்கள் என்று. மற்றது என் மேலதிகாரிக்கு: பொய்யான படம் காட்டிப் பெற்ற தகுதி இது, உங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறேன் என்று. உத்தியோகம் போகலாம். போகட்டும். இரண்டு கடிதங்களின் பிரதியும் இதோ, தலைவர் கையில் கொடுக்கிறேன். நாளைக்கு நான் பின்வாங்கினால் இதை எடுத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். என்னை நான் நம்பிப் பழக்கமில்லை.

கடைசியாக ஒரு சொல். மூக்கன் வரைந்த எழுபத்து மூன்று படங்கள் இந்த ஐந்து தோட்டங்களிலும் இருப்பதாக வேலாயி அம்மையார் கணக்குச் சொல்கிறார். ஒன்றிலும் எழுத்து இல்லை. இன்று காலை விடைபெறும்போது அவராகவே என்னிடம் ஒரு வேலை சொன்னார்: "நம்மள இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டுட்டாங்கன்றாங்க. பாதிப் பேரு கப்பலேறி அக்கரைக்குப் போகப் போறோம். படத்தத் தூக்கிக்கிட்டுத்தான் போவாங்க. அங்க பொறக்குற பிள்ளைக்கு இது யாருன்னு தெரியுமா? எனக்கு எழுதத் தெரியாது. நீங்க எழுதிக் குடுங்க."

எழுதித் தருகிறேன். இதுதான் இந்தச் சபையின் முன் நான் எடுக்கும் உறுதி. நாளை காலை மேல் லயத்திலிருந்து தொடங்குகிறோம். அம்மையார் முன்னால் வருவார். நான் பின்னால் வருவேன். வீட்டில் படம் வைத்திருப்பவர்கள் ஆணியிலிருந்து கழற்றி, துடைத்து வையுங்கள். இறந்தவரின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லுங்கள். நான் பிழையாக எழுதினால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். ஐந்து தோட்டமும் முடியும்வரை, எத்தனை மாதமானாலும், ஒவ்வொரு ஞாயிறும் வருவேன்.

ஒவ்வொரு பலகையின் பின்னாலும் படத்தில் இருப்பவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, வரைந்தவர் மூக்கன் என்று இருக்கும். மூன்றாவது பெயர் எதுவும் இராது.